இருபத்து நாலு மணி நேரப் படம்

1991 என்று எழுதியதுமே, என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்த உங்களில் பாதிப் பேர் அந்த மே மாதத்துக்குப் போய்விடுவீர்கள். குண்டு வெடித்த நம் பக்கத்து ஊரின் பெயரை உலகமெல்லாம் ரேடியோவில் சொன்ன மாதம் அது. அதைப் பற்றி எழுதத் தகுதியானவர்கள் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அதே ஆண்டில் என் வயிற்றுக்குள் நடந்ததை. அப்போது எனக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது. இன்று சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் மாத்திரை போடும் வயதுக்கு வந்துவிட்டோம். நமக்குள் மலச்சிக்கலைப் பற்றிப் பேச இனி என்ன கூச்சம்?

தேதிகளுக்கு ஆதாரம் அப்பாவின் டைரி. அப்பா மறைமலை நகரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் இருந்தார். டைரியில் தன் ஷிஃப்டையும் ஓ.டி.யையும் தவிர வேறெதையும் எழுதமாட்டார்; எழுதியிருந்தால் அது பெரிய விஷயம் என்று பொருள். டைரியில் இல்லாத இடங்களில் ‘ஏறக்குறைய’ என்று போட்டிருக்கிறேன். என் ஞாபகத்தை நானே முழுக்க நம்புவதில்லை.

ஏறக்குறைய பொங்கல் முடிந்த வாரம். நம் தெருவுக்குப் பின்னால் இருந்த வேலிகாத்தான் காட்டை நினைவிருக்கிறதா? வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் முள். நம் பெண்களுக்கு அதுதான் மறைவு. விடிவதற்கு முன் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு தடவை, கையில் சொம்போடு கும்பல் கும்பலாகப் போவார்கள். போகும் காரியத்தின் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். “அப்பால போய்ட்டு வந்துர்றேன்” என்பதோடு சரி. அந்தக் காட்டை ஏதோ கம்பெனி வாங்கிவிட்டது. மஞ்சள் நிற புல்டோசர் ஒன்று வந்து இரண்டே நாளில் சிரைத்துப் போட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நாமெல்லாம் ஓடிப்போய் அதை வேடிக்கை பார்த்தோம். பச்சை முள் நசுங்கிய வாசனையும் டீசல் வாசனையும் இரண்டு நாள் ஊரில் நின்றன. பிறகு கல்தூண் நட்டு முள்கம்பி கட்டினார்கள். கம்பெனி வந்தபோது நமக்கெல்லாம் கல்யாணமே ஆகிவிட்டது.

அந்த இரண்டு நாளும் டீக்கடையில் ஆண்கள் பேசாத பேச்சில்லை. யாருக்கு வேலை கிடைக்கும், எந்தப் பக்கம் ரோடு வரும், எல்லாம் பேசினார்கள். பெண்கள் இனி எங்கே போவார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்தக் காரியத்தின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஏரிக்கரையின் பின்பக்கம்தான். போகவே கால் மணி நேரம். மே மாதத்துக்கு அப்புறம் சில வாரங்கள் ஊரைச் சுற்றிப் புது ஆட்கள், புது வண்டிகள். வெளிச்சம் தெரிந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். வண்டி போனதும் மறுபடி உட்கார வேண்டும். “சீக்கிரம்டி, சீக்கிரம்டி” என்று இருட்டுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். அவசரப்படுத்தினால் எனக்கு வராது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுவேன். ஒரு நாள் அடக்கினால் மறுநாள் அந்த உணர்வே மங்கிவிடுகிறது என்பதை நானாகவே கண்டுபிடித்தேன். உண்மையைச் சொன்னால், அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஐந்தாம் வகுப்பு. அப்போதுதான் பாவாடையில் கறை தெரிய ஆரம்பித்தது.

எனக்கே தெரியாமல் மலம் நீராக வழியும். ஒரு நாளில் ஐந்து தடவை, ஏழு தடவை. வாசனை முதலில் பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியும், பிறகு டீச்சருக்கு, கடைசியில் எனக்கு. டீச்சர் கெட்டவர் இல்லை. என்னை ஜன்னல் ஓரத்து பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘வயிற்றுப்போக்கு நிற்கும்வரை பெண்ணை அனுப்ப வேண்டாம்’ என்று அப்பாவுக்குச் சீட்டு எழுதினார். உங்களில் ஒருத்தி எனக்கு அப்போது ஒரு பட்டப்பெயர் வைத்தாள். யார் என்று எழுதமாட்டேன். அவளுக்கே தெரியும்.

வீட்டில் வைத்தியம் அப்பாவின் அக்கா கையில். அத்தை எங்களோடுதான் இருந்தாள். எங்கள் வீட்டில் எல்லாக் கேள்விகளுக்கும் முதலில் பதில் சொல்பவள் அவள்தான்.

“வவுறு லூசா கீது, இன்னா? கட்டிப் போட்டா நின்னுடும்” என்றாள்.

மாதுளம் தோல் கஷாயம், இழைத்த ஜாதிக்காய், பால் விடாத டீத்தண்ணீர். சத்திரம் கடைத்தெருவில் ஒரு டாக்டரும் பேதி நிற்க மாத்திரை கொடுத்தார். ஏற்கெனவே அடைத்துக் கிடந்ததற்கு மேல் இன்னும் பூட்டுப் போட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது யாருக்கும் தெரியவில்லை. வயிறு மட்டும் கல்லாக இருந்தது. அப்பா சில நாள் திட்டினார், ஒரு நாள் அடித்தார். “பத்து வயசாவது, எழுந்து போவ முடியல?” சோம்பேறித்தனம் என்று அவர் நினைத்தார். இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வருபவருக்குச் சோம்பலைத் தவிர வேறு எல்லாமே மன்னிக்கக் கூடியது.

ஜூலையில் அம்மா என்னைத் தொழிலாளர் மருந்தகத்துக்குக் கூட்டிப்போனாள். கூடவே அத்தையும் வந்தாள். அங்கிருந்த லேடி டாக்டர் என் வயிற்றைத் தொட்டதும் கையை எடுக்கவில்லை. இடப்பக்கம் அழுத்தினார், கீழே அழுத்தினார், மறுபடி இடப்பக்கம்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறா?”

“ஏழெட்டு வாட்டிமா,” என்றாள் அத்தை.

“பொறந்தப்ப முதல் நாளே மலம் போச்சா?”

“எங்க போச்சு? ரெண்டு நாளு கழிச்சுதான்,” என்றாள் அத்தை மறுபடியும். அம்மா வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். நாத்தனார் பேசும்போது குறுக்கே பேசி அம்மாவுக்குப் பழக்கமில்லை.

டாக்டர் இரண்டையும் குறித்துக்கொண்டு வயிற்றுக்கு எக்ஸ்ரே எழுதினார்.

அந்த முதல் படத்தை அப்பாவே போய் வாங்கி வந்தார். காக்கி நிறக் கவர், உள்ளே ஈரம் முழுக்கக் காயாத ஃபிலிம், புளித்த வாசனை. அப்பாவின் தொழிற்சாலையில் பெரிய வார்ப்புகளைப் படம் எடுத்துத்தான் அனுப்புவார்கள். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் படத்தில் கறுப்பாய்த் தெரியும். தெரிந்தால் அந்த வார்ப்பு ரிஜெக்ட். ஆகவே அப்பா படம் பார்க்கத் தெரிந்தவர். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, அவற்றைச் சுற்றி வயிறு முழுக்க ரொட்டியைப் பிய்த்துப் போட்டதுபோல் வெள்ளைத் திட்டுகள்.

“இவ்ளோ அடைச்சிக்கினு கீதே,” என்றார், யாரிடமும் இல்லாமல்.

மறுநாள் லேடி டாக்டர் பேனா முனையால் அந்தத் திட்டுகளைக் காட்டினார். “இதெல்லாம் மலம். பல வாரமா சேர்ந்தது.”

“ஏழெட்டு தடவ போறாளேம்மா?” என்றார் அப்பா.

“போகலைங்க. வழியுது. சாக்கடை அடைச்சுக்கிட்டா மேல நிக்கற தண்ணி ஓரமாக் கசியும்ல, அது மாதிரி. அது அவளுக்குத் தெரியவே தெரியாது. அடக்கவும் முடியாது.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் கேட்கப்படும். குண்டை உள்ளே தள்ளும் சத்தம் எனக்கு இன்றும் அந்தப் பொருளில்தான் கேட்கிறது.

ஆனால் அதோடு முடியவில்லை. பிறந்தபோது இரண்டு நாள் ஆனது என்று அத்தை சொன்னது டாக்டரை உறுத்தியது. குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு இல்லாமல் சில குழந்தைகள் பிறப்பதுண்டு, அந்தக் குடல் தள்ளாது, அப்படி இருந்தால் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். அது இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். பின்வழியாக பேரியம் என்ற வெள்ளைக் கரைசலை ஏற்றிப் படம் எடுப்பார்கள். அதற்கு முன்னால் பேதி மருந்து கொடுத்துச் சுத்தம் செய்யக் கூடாது; செய்தால் குடலின் உண்மையான வடிவம் மாறித் தெரியும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அத்தைக்கு இது தாங்கவில்லை. “பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழுக்கு வவுத்தோடயா இட்டுக்கினு போவீங்க? மானம் போவும்டா!” என்று விளக்கெண்ணெய் பாட்டிலோடு என்னைத் துரத்தினாள். அப்பா பாட்டிலைப் பிடுங்கித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டு மூடி, கம்பெனிக்கே எடுத்துக்கொண்டு போனார். அது அங்கே ஏதோ ஒரு மெஷினின் கீலுக்குப் பயன்பட்டது என்று பிறகு சொல்லிச் சிரிப்பார்.

டைரி: ‘ஆகஸ்ட் 13, செவ்வாய். லீவு. பெண்ணுக்குப் படம்.’

முதல் பஸ்ஸில் அப்பா, அம்மா, நான். ஆஸ்பத்திரியில் பினாயில் வாசனை, நீள வராந்தா, பச்சைத் திரை. படம் எடுக்கும் அறை அரை இருட்டு. மேசை ஐஸ்போல் ஜில்லென்று இருந்தது. எக்ஸ்ரே எடுக்கும் அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் பேச்சு எனக்குப் பாட்டுபோல் இருந்தது. மேலே ஒரு கம்பியில் டப்பா ஒன்று தொங்கியது; அதிலிருந்து குழாய். உள்ளே சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி.

“பாப்பா, இப்ப வயித்துக்குள்ள தண்ணி வரும். ஒரு மாதிரியா இருக்கும். முக்கக் கூடாது, விடவும் கூடாது. நான் சொல்லுத வரைக்கும் பிடிச்சுக்கிடணும், கேட்டியா?”

தலையாட்டினேன். வந்தது. வயிறு விம்மியது. இடப்பக்கம் திரும்பு என்றார், வலப்பக்கம் என்றார், மூச்சைப் பிடி என்றார். ஒவ்வொரு தடவையும் டக்கென்று ஒரு சத்தம். ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. தெரியாமல் கசிவதைத்தான் என்னால் நிறுத்த முடியாது; தெரிந்து வருவதை அடக்க மாதக்கணக்கில் பழகியிருந்தேன்.

“கெட்டிக்காரி! பெரிய பெரிய ஆம்பளைங்களே இந்த மேசையை நாறடிச்சிருக்கானுவ. இப்படி ஒரு பிள்ளைய நான் பாத்ததே இல்ல.”

ஜூனிலிருந்து என் வயிற்றைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. காது வரை சூடேறியது எனக்கு.

அந்த நேரம் பார்த்து கதவைத் திறந்து யாரோ கத்தினார்கள். லாரி மோதிய ஆள் ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். அண்ணன் ஓடிவிட்டார். ஆயா ஒருத்தி வந்து குழாயை எடுத்து, துடைத்து, பாவாடையைக் கட்டிவிட்டு, “போம்மா, ஆச்சு” என்றாள். வெளியே அப்பாவிடம் ஒரு சின்ன டாக்டர், “மிச்சம் தானா வெளிய வந்துடும். நாளைக்கு இதே நேரம் இன்னொரு படம் எடுக்கணும். இருபத்து நாலு மணி நேரத்துல எவ்வளவு காலியாகுதுன்னு பார்ப்போம்” என்றார். அது அப்பாவுக்குச் சொன்னது. எனக்கு உத்தரவு கொடுத்தவர் லாரிக்காரரிடம் போய்விட்டார். அவர் இன்னும் சொல்லவில்லை. ஆகவே நான் விடவில்லை.

பஸ்ஸில் விடவில்லை. பூந்தமல்லி தாண்டி ரோடு குண்டும் குழியுமாக இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். வீட்டில் அத்தை, “வந்துச்சா?” என்றாள். “இல்ல” என்றேன். அம்மா சாயங்காலம் ஏரிக்கரைக்குக் கூப்பிட்டாள். வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டேன். என் மனதில் ஒரே எண்ணம்தான்: மறுநாள் அந்த அண்ணனிடம் போய், பார்த்தீர்களா, இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலையில் வேறு யாரோ படம் எடுத்தார்கள். அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தவர் நரைத்த தலை டாக்டர். வெள்ளை அப்படியே இருந்தது. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கொஞ்சம்கூட இறங்கலையே,” என்றார். “நேத்துப் படத்துல கீழ்ப்பகுதி எனக்குத் தெளிவாச் சொல்லத் தெரியலை. ஆனா இவ்வளவு நேரம் நிக்குதுன்னா, நரம்புக் கோளாறா இருக்கலாம். சர்ஜனைப் பார்த்துடுங்க. செய்யறதுன்னா முதல்ல வயித்துல ஒரு வழி வெச்சு, பை கட்டுவாங்க. அப்புறம் ஒரு ஆபரேஷன்.”

அம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் காட்டியதை மறுத்துப் பேச அவருக்குத் தெரியாது. அவருடைய இடத்தில் படம் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

“ரீவொர்க் பண்ணா... சரியாயிடுமா டாக்டர்?” என்று கேட்டார்.

டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது; குறையுள்ள வார்ப்பைத் திருத்துவதை அப்பாவின் தொழிற்சாலையில் அப்படித்தான் சொல்வார்கள். சரிசெய்ய முடியாத வார்ப்புகளைச் சுத்தியலால் உடைத்து உலையில் போடுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வயிற்றில் ஓட்டை. பை. பள்ளிக்கூடத்துக்கு இனி எப்போதுமே போக முடியாது.

திரையை விலக்கிக்கொண்டு அந்த அண்ணன் கையில் வேறு யாருடைய படத்தோடோ உள்ளே வந்தார். எனக்குப் போன உயிர் திரும்பியது.

“அண்ணே, இப்ப விடலாமா?”

“எதை பாப்பா?”

“நேத்து புடிச்சிக்கச் சொன்னீங்கல்ல. நீங்க சொல்ற வரைக்கும்னு. நீங்க வரவேயில்ல.”

அண்ணன் கையிலிருந்த படத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார். “ஏ கோட்டிக்காரி! நேத்துல இருந்தா?”

நரைத்த டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “போ,” என்றார். “போம்மா. இப்பவே போ.”

ஆயாக்கள் பயன்படுத்தும் கழிப்பறையைத் திறந்துவிட்டார்கள். உள்ளே தாழ்ப்பாள் இருந்தது, குழாயில் தண்ணீர் இருந்தது. வெளியே அம்மா, “அவசரம் இல்லடி, மெதுவா” என்றாள். அந்த ஆண்டில் அந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்டேன். வெகுநேரம் இருந்தேன். வெள்ளை வெள்ளையாகப் போய்க்கொண்டே இருந்தது. பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

அங்கே மூன்றாவது தடவையாகப் படம் எடுத்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் வரிசையாக மாட்டினார். கடைசிப் படத்தில் கீழ்ப்பகுதி பெரும்பாலும் காலி. குடல் வாசல் வரைக்கும் அகலமாகவே வந்தது. நரம்பில்லாத குடலில் தெரிய வேண்டிய குறுகல் எங்கும் இல்லை. சர்ஜன் வேண்டாம் என்று, அவருக்கு எழுதியிருந்த சீட்டைக் கிழித்தார். பிறகு பழைய குறிப்பைப் படித்து, “பொறந்தப்ப ரெண்டு நாள் ஆச்சுன்னு போட்டிருக்கே?” என்றார்.

“அன்னைக்கு ராத்திரியே போச்சுங்க,” என்றாள் அம்மா. “அப்படிச் சொன்ன எங்க நாத்தனாரு அப்ப ஊர்லயே இல்ல.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார். அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை. “இவ்வளவு நேரம் பிடிச்சு வைக்க எங்கம்மா கத்துக்கிட்டே?”

சொன்னேன். வேலிகாத்தான், புல்டோசர், முள்கம்பி, ஏரிக்கரை, வண்டி வெளிச்சம், சீக்கிரம்டி. சொல்லி முடிக்க நேரம் ஆனது. அப்பா நடுவில் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிலத்துக்குக் கம்பி கட்டுவதை அவர் நின்று பார்த்தவர். அதற்குள் எங்கள் காரியமும் இருந்தது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் காலைக்கடன் கம்பெனியில்.

டாக்டர் சீட்டில் வரிசையாக எழுதினார். ஒரு சிரப். நிறையத் தண்ணீர். கீரை. தினமும் சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் உட்கார வேண்டும். அதே வரிசையில் கடைசியாக: ‘வீட்டில் கக்கூஸ்.’ அந்தச் சீட்டு டைரியில் ஒட்டி இன்னும் இருக்கிறது. படங்கள்தான் போய்விட்டன, பின்னால் ஒரு மழையில் கவரோடு நனைந்து எல்லாமே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அத்தை வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். “சோறு துன்ற வூட்டுல கக்கூஸா? தூ! யார்னா கேட்டா சிரிப்பாங்கடா!”

“டாக்டரு எழுதிக் குடுத்துட்டாருக்கா,” என்றார் அப்பா. “மருந்துக் கடையில கெடைக்கல. நாமதான் கட்டணும்.”

பின்கட்டில் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் குழி வெட்டி ஐந்து சிமெண்ட் உறை இறக்கினார்கள். கொத்தனார் ஒருவர், லீவு நாட்களில் அப்பா. செப்டம்பர் நான்காம் ஞாயிறு, டைரி: ‘கதவு போட்டாச்சு.’ தகரக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். தாழ்ப்பாளை அப்பா ஏழெட்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தார். கறை அப்புறமும் சில வாரம் இருந்தது, பிறகு குறைந்தது, தீபாவளிக்குள் நின்றது. மறுபடி பள்ளிக்குப் போனதும், ஜன்னல் ஓரத்து பெஞ்சிலிருந்து டீச்சர் என்னைப் பழைய இடத்துக்கு அனுப்பினார்.

இனி உங்கள் கதை. ஏறக்குறைய நவம்பர் முதல் வாரம் ஒரு சாயங்காலம், எதிர்வீட்டிலிருந்து உங்களில் ஒருத்தி கணக்கு நோட்டு கேட்டு வந்தாள். நோட்டை வாங்கிக்கொண்டு போகவில்லை. பின்கட்டுப் பக்கமே பார்த்தாள். போய்விட்டு வந்தாள். மறுநாள் இரண்டு பேர். எனக்குப் பட்டப்பெயர் வைத்தவளும் வந்தாள். அறிவியல் நோட்டு வேண்டுமாம். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஜனவரியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று. படம் எடுத்தது எனக்கு மட்டும்.

மாதக் கடைசியில் ஒரு நாள் முருங்கை மரத்தடியில் ஆறு பேர் வரிசையில் நின்றீர்கள். அத்தை துணி மடித்துக்கொண்டே உங்களை ஒவ்வொருத்தியாக ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னாங்கடி, உங்க டீச்சரு ஊருக்கே சேத்து ஒரே நோட்டுதான் குட்த்தாளா?”

அத்தை எழுந்தாள். கொடியில் துணியைப் போட்டாள். கை பம்பிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் அடித்துக் கொண்டுவந்து கதவோரம் வைத்தாள். பிறகு என் தோளைப் பிடித்து வரிசையின் முன்னால் தள்ளினாள்.

“டாக்டரு எய்திக் குட்த்தது இவளுக்கு. மொதல்ல இவ போவட்டும். அப்பறமா நீங்க நோட்டு வாங்குங்க.”